செல்லின் நெருக்கடி வேறு, மன அழுத்தம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பெங்களூரு பதிப்பில், மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வந்த ஒரு சிறு செய்தி பற்றி எழுதுகிறோம். 'மன அழுத்த நொதிகள் புற்றுநோயைப் பரப்புகின்றன' என்பது தலைப்பு. உள்ளே இருந்த நொதிகளின் (என்சைம்களின்) பெயர்களில் பிழை இல்லை: சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், ஹீம் ஆக்சிஜனேஸ். ஆனால் இவை மனம் சம்பந்தப்பட்ட நொதிகள் அல்ல. 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் கைப்பழக்கத்தில் 'மன அழுத்தம்' என்று வந்துவிட்டது போலிருக்கிறது. மேம்பாலத் தூணுக்கு ஸ்ட்ரெஸ் கூடிவிட்டது என்று பொறியாளர் சொன்னால், தூணுக்கு மனக்கவலை என்று யாரும் எழுதமாட்டார்கள். செல் விஷயத்தில் மட்டும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் அடுத்தடுத்த வளாகங்கள். மன அழுத்தத்துக்கு ஒரு கேட், செல்லுக்கு வரும் நெருக்கடிக்குப் பக்கத்துக் கேட். தங்கள் செய்தி வாசகரைத் தவறான கேட்டில் இறக்கிவிட்டது.

வெறும் சொல் பிழை என்றால் கடிதம் எழுதியிருக்கமாட்டோம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்களும், அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர்த் தமிழ்க் குடும்பங்களும் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபைலில் வைத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து இரண்டு கெடுதல்கள் கிளம்புகின்றன. ஒன்று, 'எதற்கெடுத்தாலும் கவலைப்பட்டு நீயே இழுத்துக்கொண்டாய்' என்று நோயாளியையே குற்றவாளியாக்குவது. ஐரோப்பாவில் 12 ஆய்வுகளின் தரவைச் சேர்த்து, 1,16,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 5,800 பேருக்குப் புற்றுநோய் வந்தது. வேலை தரும் மன அழுத்தத்துக்கும் குடல், நுரையீரல், மார்பகம், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கும் தொடர்பு தென்படவில்லை. (பதற்ற ஹார்மோன்கள் எலிகளில் கட்டி பரவுவதைத் தூண்டுகின்றன என்பதும் உண்மை. அது தனிக் கதை. தங்கள் செய்தியில் சொன்ன நொதிகளின் கதை அல்ல.)

இரண்டாவது கெடுதல்தான் பெரியது. 'அழுத்தம்' என்று படித்தவர் அதைக் குறைக்க வழி தேடுவார். 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்கும்' என்று லேபிள் ஒட்டிய ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே, 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டிருக்கும்போதே அதை வாங்கி விழுங்குகிறார்கள். டாக்டரிடம் சொல்வதில்லை. வைட்டமின்தானே என்ற நினைப்பு.

செல்லுக்கு நெருக்கடி என்றால் என்ன? சூடு, ஆக்சிஜன் பற்றாக்குறை, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அரிக்கும் பொருள்கள் சேர்வது, புரதங்கள் சரியாக மடியாமல் போவது, டிஎன்ஏ அறுபடுவது. ஒவ்வொன்றுக்கும் செல்லிடம் தனித்தனி நொதிக் கூட்டம் உண்டு. மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனில் சிறு பங்கு, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு என்ற அரிக்கும் பொருளாகிவிடுகிறது. அதைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-ல் இதை அடையாளம் காட்டினார்கள். அந்தப் பெராக்சைடைக் கேட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் தண்ணீராக்குகின்றன.

இந்த வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் நொதி வேகமாக ஓடி, அடுத்தது பின்தங்கினால் பெராக்சைடு நடுவில் தேங்கும். பல கட்டிகளில் நடப்பது அதுவே. தேங்கும் அளவு அதிகமானால் செல் செத்துப்போகும். கொஞ்சமாக இருந்தால் கட்டிக்கு அது உரம். செல் பெருகுவதற்குப் பிரேக் போடும் பாஸ்பட்டேஸ் நொதிகளின் மையத்தில் சிஸ்டீன் என்ற ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. பெராக்சைடு அதைத் தொட்டால் பிரேக் விட்டுப்போகும். ஆகவே 'இந்த நொதி கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது' என்று ஒற்றை வரியில் எழுத முடியாது. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் மாங்கனீஸ் வகை டிஸ்மியூட்டேஸ், பல கட்டிகளின் தொடக்க நிலையில் குறைந்தும், பரவிய நிலையில் கூடியும் காணப்படுகிறது. எந்தக் கட்டத்தில் எடுத்த திசு என்று சொல்லாமல் தரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

நொதிகளை இயக்கும் சுவிட்ச் இன்னும் முக்கியம். என்ஆர்எஃப்2 என்ற புரதம் செல்லில் எந்நேரமும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துச் செல்லின் குப்பை அரவை எந்திரமான புரோட்டியாசோமுக்குத் தள்ளிவிடுகிறது. அதனால் என்ஆர்எஃப்2-ன் பாதி ஆயுள் இருபது நிமிடம் அளவில்தான். அரிக்கும் பொருள் வந்து கீப்1-ன் சிஸ்டீன்களைத் தொட்டதும் அந்தத் தள்ளும் வேலை நின்றுபோகிறது. புதிதாக வரும் என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான ஜீன்களை இயக்குகிறது: ஹீம் ஆக்சிஜனேஸ், செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளூட்டாதயோனைத் தயாரிக்கும் நொதி, தயோரெடாக்சின் ரிடக்டேஸ், மருந்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்புகள். நெருக்கடி தீர்ந்ததும் கீப்1 மறுபடி பிடித்துக்கொள்ளும்; சுவிட்ச் அணையும்.

நலமாக இருக்கும் செல்லுக்கு இது காவல். புற்றுநோய்ச் செல் செய்வது என்னவென்றால், சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே சிக்கவைத்துவிடுகிறது. கீப்1-ல் மாற்றம் வந்து பிடி நழுவும். அல்லது என்ஆர்எஃப்2-ல் கீப்1 பிடிக்கும் இடமே மாறிவிடும். அமெரிக்காவில் 2012-ல் 178 ஸ்குவாமஸ் வகை நுரையீரல் கட்டிகளின் ஜீன்களை முழுதாகப் படித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பாதையில் ஏதாவதொரு மாற்றம் இருந்தது. இந்தக் கட்டிகளுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குளூட்டாதயோன் அதை ஒட்டிப் பிடிக்கிறது, பம்பு வெளியே தள்ளுகிறது, டிஎன்ஏவைத் தொடும் மருந்து குறைந்துபோகிறது. நம்மைக் காக்க வைத்திருந்த காவலை நோய் தன் வாசலில் நிறுத்திக்கொண்டது. தங்கள் செய்தி சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

இதே நெருக்கடி நொதிகள் மருந்துக்குக் குறியாகவும் ஆகியிருக்கின்றன. டிஎன்ஏ அறுபடும்போது ஓடிவரும் பார்ப் நொதியை அடைத்தால், டிஎன்ஏவைச் செப்பனிட உதவும் பிஆர்சிஏ ஜீன் பழுதான செல்கள் மட்டும் தாங்காமல் சாகும் என்று 2005-ல் தெரிந்தது. பார்ப்பை அப்படி அடைக்கும் ஓலபாரிப், சினைப்பைப் புற்றுநோய்க்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புரோட்டியாசோமை அடைக்கும் போர்டெசோமிப் 2003-லேயே மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு வந்துவிட்டது. மைலோமா செல் ஓயாமல் ஆன்டிபாடியை உற்பத்தி செய்துகொண்டே இருப்பது. மடியாத புரதக் குப்பை அதற்குள் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. அரவை எந்திரத்தை நிறுத்தினால் தன் குப்பையிலேயே மூச்சு முட்டிச் சாகிறது.

போர்டெசோமிப் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மருந்தின் வேலை செய்யும் முனையில் போரான் இருக்கிறது. கிரீன் டீயில் உள்ள இஜிசிஜி என்ற பொருள் அந்தப் போரானோடு ஒட்டிக்கொண்டு மருந்தைச் செயலிழக்கச் செய்வதைச் செல்களிலும் எலிகளிலும் 2009-ல் காட்டினார்கள். வைட்டமின் சி-க்கும் அதே போன்ற முடிவு வந்தது. கேப்சூலாகச் செறிவூட்டி விற்கும் கிரீன் டீ சாறுதான் இங்கே முதல் கவலை. 'உடம்புக்கு நல்லது' என்று உறவினர் வாங்கிவரும் அந்த டப்பா, விலை உயர்ந்த ஊசியை வீணாக்கக்கூடும்.

கதிர்வீச்சின் கணக்கும் இதையொட்டியதே. எக்ஸ் கதிர் டிஎன்ஏவை நேரடியாகத் தாக்குவது குறைவு. சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கதிர் பட்டு உடைந்த தண்ணீரிலிருந்து வரும் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதையும் தாக்கும் துணுக்கால் நடப்பது. அந்தச் சேதத்தை நிலைக்கச் செய்வது ஆக்சிஜன். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு டோஸ் வேண்டும். ஆகவே சிகிச்சை நாட்களில் பீடி, சிகரெட் பிடிப்பவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடை ஏற்றி, கட்டிக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்து, தன் கரண்டைத் தானே பலவீனப்படுத்துகிறார். நுரையீரல் கெடும் என்ற பழைய அறிவுரையைக் காட்டிலும் இந்தக் காரணத்தைச் சொன்னால் வேகமாகப் புரிகிறது.

ராடிக்கலை உண்டாக்கித்தான் சிகிச்சை வேலை செய்கிறது என்றால், ராடிக்கலை அணைக்கும் மாத்திரை என்ன செய்யும்? கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு நாளுக்கு 400 ஐயூ (சர்வதேச அலகு) வைட்டமின் ஈ. தொடக்கத்தில் கூடவே 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மறு பாதிக்கு மருந்தில்லா மாத்திரை. முடிவு 2005-ல் வந்தது. கதிர்வீச்சின் பக்கவிளைவு கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் மாத்திரை சாப்பிட்ட காலத்தில் இரண்டாவது புற்றுநோய் அதிகமாக வந்தது. அதே இடத்தில் கட்டி திரும்புவதும் கூடும் பக்கமே சாய்ந்தது. வாய்ப் புற்றுநோய் இவ்வளவு மலிந்த நம் நாட்டில் இந்த ஆய்வு பற்றி எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் நாலு வரி எழுதிப் பார்த்ததாக எங்களுக்கு நினைவில்லை.

நோய் வராமல் தடுக்கும் என்று கொடுத்துப் பார்த்ததும் இப்படித்தான் முடிந்தது. ஃபின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேர். அவர்களில் நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல் என்று 1994-ல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த ஆய்வை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே கூடியது 28 சதவீதம். வைட்டமின் ஈ 400 ஐயூ சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-ல் வந்தது. அது 35,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வு.

ஏன் இப்படி என்பதற்கு எலிகளிடமிருந்து ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் மிதக்கும் செல், பிடிமானம் இழந்து கடுமையான ஆக்சிஜனேற்ற நெருக்கடியில் இருக்கிறது. பெரும்பாலானவை வழியிலேயே சாகின்றன. 2015-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள எலிகளுக்கு அசிடைல் சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தபோது பரவல் கூடியது. கரை சேராமல் செத்திருக்க வேண்டிய செல்களுக்கு அது தோணி ஆனது. நுரையீரல் கட்டி உள்ள எலிகளில் 2019-ல் பாக்1 என்ற இன்னொரு புரதம் பிடிபட்டது. செல்லில் தனித்துத் திரியும் ஹீம் (இரும்பு கொண்ட ஒரு பொருள்) இந்தப் பாக்1-ஐ அழிக்கும். ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தாலும், என்ஆர்எஃப்2 நிரந்தரமாக எரிந்தாலும் ஹீம் குறைகிறது, பாக்1 தங்குகிறது, கட்டி பரவுகிறது. தங்கள் செய்தியில் வந்த ஹீம் ஆக்சிஜனேஸ் பொருந்தும் இடம் இதுவே: அந்த ஹீமை உடைக்கும் நொதி அது. இவை எலிகளில் கண்டவை என்பதைச் சேர்த்தே சொல்கிறோம். தங்கள் செய்தியில் எலி என்ற சொல்லே இல்லை.

இதைப் படித்துவிட்டு நெல்லிக்காயையும் கீரையையும் தட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். சாப்பாட்டில் வரும் அளவு வேறு, டப்பாவில் வரும் அளவு வேறு. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தூளில் குர்குமின் எடையில் 3 சதவீதம் அளவுக்குத்தான். 500 மில்லிகிராம், 95 சதவீதம் என்று அச்சிட்ட ஒரு கேப்சூலில் இருப்பது, சுமார் 15 கிராம் மஞ்சள் தூளில் இருக்கும் குர்குமின். எந்த வீட்டு ரசத்திலும் ஒரு ஆளுக்கு ஐந்து டீஸ்பூன் மஞ்சள் போடுவதில்லை. அதோடு முடியவில்லை. பல கேப்சூல்களில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் சேர்க்கிறார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வு நம் பெங்களூரிலேயே, செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தால், ரத்தத்தில் சேரும் குர்குமின் 2,000 சதவீதம் கூடுகிறது என்று 1998-ல் வெளியிட்டார்கள். விளம்பரம் இந்த எண்ணோடு நின்றுவிடும். எப்படிக் கூடுகிறது என்பதைச் சொல்லாது. கல்லீரல் வேண்டாத பொருளைக் கழித்துக்கட்டப் பயன்படுத்தும் நொதிகளைப் பைப்பரின் மந்தமாக்குகிறது. அந்த வகை நொதிகளே பல கீமோ மருந்துகளையும் கழிப்பவை. குர்குமின் கேப்சூலால் கல்லீரல் பாதித்த நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: வைட்டமின் எல்லாமே கெடுதல் என்று டாக்டர் எழுதியதையும் நிறுத்திவிடுவது. பெமெட்ரெக்செட் என்ற கீமோ மருந்து போடும் முன் ஒரு வாரமாகவே ஃபோலிக் அமில மாத்திரையும், ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் பி12 ஊசியும் கட்டாயம். விட்டால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஐஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தோடு தரும் மெஸ்னா, சிறுநீர்ப்பையில் சேரும் நச்சை அங்கேயே அணைக்கிறது. இவை பாதுகாப்பு எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவை. கடையில் வாங்கும் மாத்திரைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

அதனால் செய்ய வேண்டியது எளிது. வீட்டில் சாப்பிடும் எல்லா டப்பா, பாட்டில், பொடி, லேகியம் ஆகியவற்றையும் ஒரு பையில் போட்டு ஓ.பி.க்கு எடுத்துப் போங்கள். பெயரை வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். லேபிளின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்தாலும் சரி. வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், செலினியம், அசிடைல் சிஸ்டீன், குளூட்டாதயோன், கிரீன் டீ சாறு, குர்குமின், பைப்பரின் ஆகிய பெயர்களின் கீழ் கோடு போடுங்கள். 'இது வைட்டமின்தான்' என்று டாக்டருக்காக நீங்களே முடிவு செய்யாதீர்கள். அசிடைல் சிஸ்டீனைச் சளிக்கென்று வேறு டாக்டர் எழுதியிருக்கலாம், அதையும் காட்டுங்கள்.

இன்னொன்று, ரத்தப் பரிசோதனை. 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்' என்று சில இடங்களில் விற்கிறார்கள். இதில் புற்றுநோய்ச் சிகிச்சையை மாற்றத் தகுந்த எண் எதுவும் இல்லை. பேக்கேஜில் வரும் எம்டிஏ (கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் உண்டாகும் பொருள்), 532 நானோமீட்டரில் படிக்கும் இளஞ்சிவப்பு நிறம். சாம்பிளை அமிலத்தில் கொதிக்கவைத்து வரும் அந்த நிறத்தைச் சர்க்கரை உட்பட வேறு பல பொருள்களும் தரும். கேட்டலேஸ் இன்னும் மோசம். சிவப்பணு முழுக்கக் கேட்டலேஸ். ஊசி குத்தும்போது நரம்பு சரியாகக் கிடைக்காமல் சிரிஞ்சை வேகமாக இழுத்து, சிவப்பணுக்கள் உடைந்தால் எண் எகிறும். நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் கட்டித் திசுவில் இதை அளக்கும்போதே, ரத்தம் போகும்வரை குளிர்ந்த உப்புநீரில் கழுவ வேண்டும். 240 நானோமீட்டரில் படிப்பதால் குவார்ட்ஸ் குவெட் (சாம்பிளை ஊற்றி ஒளி பாய்ச்சும் சிறு குப்பி) வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை விழுங்கிவிடும். பெராக்சைடை அதிகம் ஊற்றினால் நொதியே செத்துப்போகும், குமிழி வந்து அளவைக் கெடுக்கும். இத்தனை கண்ணிகள் உள்ள எண்ணை வைத்து மாத்திரை விற்பது அடாவடி.

எல்டிஹெச் அப்படி அல்ல. ஆக்சிஜன் குறைந்த செல் பெரிதும் நம்பியிருக்கும் இந்த நொதியின் ரத்த அளவு, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் விதைப்பைக் கட்டிகளிலும் உண்மையாகவே பயன்படுகிறது. ஆனால் அதற்கும் இதே வியாதி உண்டு. ரத்தம் எடுத்த ட்யூப் ஸ்கூட்டர் பெட்டியில் சில்க் போர்டு டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால், சிவப்பணுவிலிருந்து எல்டிஹெச் கசிந்து எண் ஏறிவிடும். பிரித்த சீரத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் சில எல்டிஹெச் வகைகள் குளிரில் செயலிழந்து எண் இறங்கும். ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணு உடைந்தது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பயப்படும் முன் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

தங்களிடம் எங்கள் கோரிக்கை மூன்று. அந்தச் செய்திக்குத் திருத்தம், அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவில் வர வேண்டும். 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்பதற்கு 'ஆக்சிஜனேற்ற நெருக்கடி' என்றோ, சுருக்கமாக 'செல் நெருக்கடி' என்றோ எழுதலாம். 'மன' என்ற முன்னொட்டு மட்டும் வேண்டாம். ஒரு நொதி கூடியது, குறைந்தது என்று எழுதும்போது எந்தத் திசுவில், மனிதரிலா எலியிலா, நோயின் எந்தக் கட்டத்தில் என்ற மூன்றையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். இடம் போதாது என்றால் தலைப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆய்வகப் பணியில் உள்ள தமிழர் மூவர்,
பெங்களூரு.
(பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனியே இணைத்துள்ளோம்.)